குழல் வாங்கலாம், கட்டையை நாம்தான் பொருத்த வேண்டும்

சான்பாடா ஸ்டேஷனில் பன்வேல் ரயிலுக்கு நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில், நாலடிக்கு நீண்ட பெட்டியோடு பள்ளிப் பிள்ளைகள் வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் கீபோர்டா, வயலினா என்று விசாரிப்பார்கள். உள்ளே இருப்பது 10 மீட்டர் ஏர் ரைபிள். பெரும்பாலும் ஜெர்மனியின் உல்ம் நகரத்து வால்தராகவோ, ஓபெர்ன்டார்ஃப் ஊரின் ஃபைன்வெர்க்பாவாகவோ இருக்கும். ஹார்பர் லைனின் கடைசி ஸ்டேஷன் பன்வேல். ஒலிம்பிக் இறுதிச் சுற்று வரை போய்வந்த சுமா ஷிரூரின் லக்ஷ்யா ஷூட்டிங் கிளப் அங்கேதான் இருக்கிறது.

முப்பது வருடங்களுக்கு முன்னால் இந்தப் பாதை நேர் எதிர்த் திசையில் போனது. வாஷிப் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியதே 1992இல்தான். துப்பாக்கி சுட ஆசைப்பட்டவர்கள் கடற்கழியைத் தாண்டி, செம்பூர், குர்லா வழியாக மும்பைக்குள் போய், வொர்லியில் உள்ள மகாராஷ்டிரா ரைபிள் அசோசியேஷன் மைதானத்துக்குச் சேர வேண்டும். அங்கே சஞ்சய் சக்ரவர்த்தி பயிற்சி தந்தார். அஞ்சலி பாகவத், தீபாலி தேஷ்பாண்டே, சுமா ஷிரூர், பிற்பாடு ககன் நரங் என்று இந்திய ரைபிளின் ஒரு தலைமுறையே அவர் கையில் பழகியது. 2021 கொரோனா அலையில் அவர் காலமானார். அவர் பட்டறையில் உருவானவர்களே இன்று அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியாளர்கள்.

அந்த நாட்களில் தொடக்க நிலைப் பிள்ளைகளில் சொந்தத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அபூர்வம். கிளப் துப்பாக்கிதான், அதுவும் முறை வைத்து. ஆறடி ஆளுக்குப் பொருந்திய கட்டையை அடுத்த அரை மணியில் ஐந்தடிப் பெண் தோளில் வைக்க வேண்டும். கன்னம் படுகிற இடம் தாழ்ந்திருந்தால் துணியை மடித்து டேப் சுற்றினார்கள். தோளில் படுகிற தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவே அட்டையோ மரத்துண்டோ செருகினார்கள். துப்பாக்கி நமக்குச் சொந்தமென்றால் இன்னும் ஒரு படி போகலாம். வால்நட் அல்லது பீச் மரக் கட்டையை அரத்தால் ராவி, உள்ளங்கை நிரம்பாத இடத்தில் எம்-சீல் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். மழை மாதத்தில் மரம் ஈரம் வாங்கும், திருகு இளகும், குண்டு போகும் இடமும் நகரும். அப்போது சுடுபவர்களுக்குத் தங்கள் கட்டையில் எங்கே பிசகு என்று இருட்டிலும் தெரியும்.

  அப்படிப் பழகிய சுமா ஷிரூர் 2004இல் கோலாலம்பூரில் ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் 400க்கு 400 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். நாற்பது குண்டுகளில் ஒன்றுகூட பத்தாம் வளையத்தை விட்டு விலகவில்லை. அந்தப் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. குண்டின் விட்டம் நாலரை மில்லிமீட்டர். பத்து மீட்டர் தூரத்தில் நின்று, குண்டைவிடச் சிறிய புள்ளியை நாற்பது முறை விடாமல் தொடுவதற்கு, துப்பாக்கி உடம்பின் ஒரு எலும்பைப் போல ஆகியிருக்க வேண்டும்.

அப்படி ஆக்கிக்கொள்வதற்கு உலகம் முழுக்க இரண்டு வழிகள் இருந்தன. தானே கட்டுவது, கட்டியதை வாங்குவது. அமெரிக்காவில் 1920இல் வந்த வின்செஸ்டர் 52 என்ற .22 ரைபிளை வாங்கி, குழலைக் கழற்றி வேறு குழல் பூட்டி, கட்டையைத் தூக்கியெறிந்து புதிதாகச் செதுக்கி, கடைசியில் கடைத் துப்பாக்கியின் பெயர் மட்டும் மிஞ்சுகிற அளவுக்கு மாற்றியவர்கள் ஏராளம். இங்கிலாந்தின் மால்கம் கூப்பர் ஒருபடி மேலே போனார். 1978இல் துப்பாக்கி செய்யும் நிறுவனத்தையே தொடங்கினார். ஆக்யுரசி இன்டர்நேஷனல் என்று பெயர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் மூன்று நிலை ரைபிளில் தங்கம் வென்றவர் அவர். அவர் நிறுவனத்துத் துப்பாக்கியை பிரிட்டிஷ் ராணுவம் தன் குறிசுடுநர்களுக்கு எடுத்துக்கொண்டது. குறி பார்க்கிறவனே கொல்லனாகவும் இருந்த காலத்தின் கடைசிப் பெரிய பெயர் என்று கூப்பரைச் சொல்லலாம்.

நம் நாட்டில் அந்த முதல் வழி சட்டப்படி அடைபட்டது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் அதன் பாகங்களைச் செய்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழாண்டுச் சிறையில் தொடங்கி ஆயுள் வரை போகும். அதனால் 50 மீட்டர் .22 ரைபிளின் குழலையோ விசையறையையோ ஒருவர் தன் பட்டறையில் கடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். விளையாட்டுக்காக அதைத் தளர்த்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நாலரை மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டி ஏர் ரைபிளின் ஆற்றல் அதில் பாதியைக்கூட எட்டாது. பள்ளிப் பிள்ளைகள் ரயிலில் பெட்டியோடு போக முடிவது அதனால்தான்.

வாங்குவது என்ற இரண்டாம் வழியும் முன்பு சுலபமாக இல்லை. 1951இல், மக்களவை முதல் சபாநாயகர் மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு தேசிய ரைபிள் சங்கம் உருவானது. இன்றும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது. முதல் சில பத்தாண்டுகள் விளையாட்டு அரண்மனைகளைச் சுற்றித்தான் இருந்தது. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டார். 1962 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். ஐரோப்பாவில் தோளளவு கொடுத்துத் துப்பாக்கி செய்துகொள்ள அவரைப் போன்றவர்களால் முடியும். மற்றவர்களுக்கு இறக்குமதி அனுமதி, சுங்கம், சங்கத்தின் சான்று என்று வருடங்கள் ஓடும். உள்ளூரில் கிடைத்தது மும்பையின் இந்தியன் ஹியூம் பைப் நிறுவனம் செய்த ஏர் கன். சிமென்ட் குழாய் போட்ட கம்பெனி காற்றுத் துப்பாக்கியும் செய்தது. சுருள்வில் வைத்தது, நடுவில் மடித்து ஏற்றுவது. சுட்ட கணம் கையில் உதறும். காக்காய் விரட்டவும், கோலி அடிக்கவும், பழகவும் அது போதும். மாநிலப் போட்டியைத் தாண்ட வேண்டுமென்றால் போதாது.

அந்த உதறலை எப்படி ஒழித்தார்கள் என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள நடுக்கதை இருக்கிறது. மவுசர் ஆலையில் வேலை பார்த்த பொறியாளர்கள் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ், 1960களில் ஒரு வழி கண்டுபிடித்தது. வில் விடுபடும்போது குழலும் விசையறையும் சேர்ந்து கட்டைக்குள் இருக்கும் தண்டவாளத்தில் பின்னோக்கி வழுக்கும். கட்டை அசையாது, தோளுக்கு உதறல் தெரியாது. 1980களில் வில்லே போயிற்று. ஒரு நெம்புகோலை ஒரே முறை திறந்து மூடிக் காற்றை அழுத்திச் சுட்டார்கள். ஒரு போட்டிக்கு அறுபது தடவைக்கு மேல் அந்த நெம்புகோலை இழுக்கத் தோள் வலிக்கும். 1990களில் அதுவும் போய், 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் வந்தது. இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் விரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் திறந்து மூடினால் முடிந்தது. அழுத்தச் சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள். அதற்குப் பிறகு போட்டியில் அனுமதி கிடையாது. பழைய வில் துப்பாக்கி ஐம்பது வருடம் கழித்தும் சுடும்.

காற்றும் குழலும் விசையும் இப்படித் தொழிற்சாலையில் துல்லியமாகி முடிந்தபோது, வீட்டில் கட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. யாரும் உல்ம் நகரத்துக் குழலைவிட நேரான குழலைத் தன் கையால் துளைக்கப் போவதில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பழைய கதைகளைச் சொல்லும்போது நாம் எப்போதும் கைவேலையின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். வாங்கிய குழல்தான் நல்ல குழல்.

ஆனால் ரெடிமேட் என்று வருகிற துப்பாக்கி ரெடியாக வருவதில்லை. இதைப் பெற்றோர்களிடம் யாரும் சொல்வதில்லை. இன்றைய அலுமினியக் கட்டையில் கன்னத்தாங்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும், சாயவும் சாயும். தோள்தகடு நீளும், திரும்பும், அதன் மேல் கீழ்க் கொம்புகள் தனித்தனியே வளையும். கைப்பிடி சுழலும். இடது கை தாங்கும் முன்கட்டை உயரும். பின்பார்வைக்கும் முன்பார்வைக்கும் கீழே கட்டை வைத்து உயர்த்தலாம். விசையின் முதல் அழுத்தம், இரண்டாம் அழுத்தம், நாக்கின் இடம் எல்லாம் திருகில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் கிடைப்பது ஒரு துப்பாக்கி செய்வதற்கான சாமான்கள். இத்தனை திருகும் யாருக்கோ பொதுவான ஒரு நிலையில் நிற்கும். அதை ஒரு குறிப்பிட்ட உடம்புக்குக் கொண்டுவர மாதங்கள் ஆகும். வளரும் பிள்ளையென்றால் ஆறு மாதத்தில் திரும்பச் செய்ய வேண்டும்.

அதற்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். மொத்த எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. முன்கட்டையின் அடிப்பாகம் குழலின் மையக் கோட்டிலிருந்து 120 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. உலகப் போட்டிகளில் அளவுக் கருவியோடு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் எடையை முன்னால் வைப்பதா, நடுவிலா, எத்தனை கிராம் என்பதெல்லாம் சுடுகிறவரின் வேலை. குண்டு விஷயமும் அப்படித்தான். ஒரே கம்பெனியின் ஒரே வகை ஈயக் குண்டு, வெவ்வேறு அச்சில் வந்தால் ஒரே குழலில் வெவ்வேறு விதமாகப் போகும். குழலைப் பிடியில் இறுக்கிப் பல டப்பாக்களைச் சுட்டுப் பார்த்து, குறைந்த இடத்துக்குள் விழுகிற அச்சு எண்ணுள்ள டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைப்பார்கள். .22 வீரர்கள் இதற்காகவே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் தோட்டா ஆலைகளுக்குப் போகிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு. கைகள் குட்டை, இடுப்பெலும்பு உயரம். முழங்கையை இடுப்பில் ஊன்றினால் துப்பாக்கி குறிக்குக் கீழே நின்றது. முன்கட்டை இன்னும் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயர வேண்டும். வெளிநாட்டிலிருந்து அந்தத் துண்டு வர ஆயிரக்கணக்கில் ரூபாயும் ஒரு மாதமும் ஆகும் என்றார்கள். அவள் அப்பா துர்பே எம்ஐடிசியில் டூல் ரூம் வைத்திருக்கும் திருநெல்வேலி நண்பரிடம் போனார். அவர் செம்பூரில் இருந்து பாலம் தாண்டிக் குடிவந்தவர், மில்லிங் மெஷினோடு முப்பது வருடம் பழக்கம். "எத்தனை மில்லி வேணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சுடும் பாகத்தில் கை வைக்கவில்லை. ஒரு அலுமினியத் துண்டு, இரண்டு திருகுத் துளை, ஓரம் உருட்டல். சாயங்காலத்துக்குள் முடிந்தது. பயிற்சியாளர் அளந்து பார்த்து, விதிக்குள் இருக்கிறது என்று சொன்ன பிறகே பூட்டினார்கள். அரத்தையும் எம்-சீலையும் வைத்து வொர்லியில் செய்ததை இந்த மனிதர் மில்லிங் மெஷினில் செய்தார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

தன் துப்பாக்கியைத் திருகு திருகாக அறிந்திருப்பதன் விலையை 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் பார்த்தோம். இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஒத்திகைச் சுடலில் அபினவ் பிந்த்ராவின் குண்டு நாலாம் வளையத்துப் பக்கம் போனது. பார்வைக்கருவி இடம் மாறியிருந்தது. சில நிமிடங்களே கையில் இருக்க, திருகித் திருகி அதை மீட்டெடுத்தார். பிறகு சுட்ட முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8, மொத்தம் 700.5. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். துப்பாக்கியைக் கடையில் வாங்கியவர்தான் அவரும். ஆனால் வாங்கியபடியே வைத்திருந்தவர் அல்லர்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. உலகத் தரத்து ஏர் ரைபிள் இன்றைக்கு இரண்டு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. விறைப்பான கோட்டும் கால்சட்டையும், பூட்ஸும் கையுறையும் தனி. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நரங்குக்குத் துப்பாக்கி வாங்க அவர் பெற்றோர் நிலத்தை விற்றார்கள். 2012 லண்டனில் அவர் வெண்கலம் வாங்கினார். கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாளேயின் தந்தை கடன் வாங்கித் தோட்டாச் செலவைச் சமாளித்தார். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் 451.4 புள்ளிகளோடு ஸ்வப்னில் மூன்றாம் இடம் பெற்றார். தீபாலி தேஷ்பாண்டேதான் அவருடைய பயிற்சியாளர். அன்று கிளப் துப்பாக்கிக்கு முறை வைத்துக் காத்திருந்தவர்களில் ஏழையும் உண்டு. இன்று முறை வைக்க வேண்டியதில்லை, கையில் காசிருந்தால் மறுவாரம் துப்பாக்கி வீட்டுக்கு வருகிறது. காசில்லாத பிள்ளை வரிசையிலேயே நிற்பதில்லை. இந்த மாற்றம்தான் எனக்கு உறுத்துகிறது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் நமக்கெல்லாம் பெருமை. 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம், 2023இல் அதே ரியோவில் மறுபடி தங்கம், டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். ககன் நரங் தொடங்கிய கன் ஃபார் குளோரி பயிற்சி மையம் அவருக்குத் தோள் கொடுத்தது. ஒரு மையம் துப்பாக்கியும் தந்து, பொருத்தவும் சொல்லித்தந்தால் எங்கிருந்தும் ஒரு பிள்ளை வர முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

துப்பாக்கி செய்யத் தெரியாத நாடு அல்ல இது. மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் ஆலை இருக்கிறது. திருச்சியில் 1966இல் தொடங்கிய ஆலை ராணுவத்துக்கு ரைபிள் செய்கிறது. இந்தத் தானே மாவட்டத்திலேயே, ஆழத் துளை போடும் இயந்திரங்கள் செய்யும் பிரிசிஹோல் நிறுவனம் ஏர் ரைபிளும் செய்து விற்கிறது. விலை ஆயிரங்களில்தான். துளை போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நல்ல குழல் செய்வதில் வியப்பில்லை. தொடக்கப் பிள்ளைகள் பலர் அதில்தான் பழகுகிறார்கள். பத்து மீட்டர் இறுதிச் சுற்றில் உல்ம் நகரத்தோடு மோதுகிற ரைபிள் மட்டும் இன்னும் இங்கிருந்து வரவில்லை. துர்பேயில் இருந்து அம்பர்நாத் வரை நீளும் பட்டறைகளில் அதற்கு வேண்டிய மெஷினும் இருக்கிறது, கையும் இருக்கிறது. உரிமம் பெற்ற ஆலைகள் முன்வர வேண்டும், சங்கம் வாங்குவதாக வாக்குக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் வருடம் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சுடட்டும், கட்டையைத் தன் அளவுக்குத் திருகிக்கொள்ளவும், திரும்பப் பழைய நிலைக்கு வைக்கவும், ஒவ்வொரு அளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவும் பழகட்டும். வாங்கும்போது குழலுக்குக் காசு கொடுங்கள், பளபளப்புக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை வளர்ந்து அந்தத் துப்பாக்கி சிறியதாகிவிட்டால், பழைய சாமான் கடைக்கோ பரணுக்கோ அனுப்பாமல், உங்கள் கிளப்பில் துப்பாக்கி இல்லாத அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.